மெழுகுத் தொட்டி

அன்னூரில் ஜோஸ்லினுடைய பிசியோதெரபி கிளினிக்குக்குள் காலை வைக்கிற எவரும் முதலில் கும்பிட வேண்டிய தெய்வம், வாசலை ஒட்டி இருந்த வாஷ்பேசின்தான். மூட்டுவலி என்று நொண்டிக்கொண்டு வந்தாலும் சரி, கழுத்துப் பட்டையோடு காரில் வந்து இறங்கினாலும் சரி, சோப்புப் போட்டு விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு எல்லாம் தேய்த்துக் கழுவின பிறகுதான் மற்ற பேச்சு. வாழைமண்டி அரங்கசாமி ஒருமுறை நாலு விரலை நனைத்துவிட்டுக் கட்டிலில் ஏறப் பார்த்தார். "ஏனுங்க, ஊட்டுல சோத்துக்கு உக்காரும்போதும் இப்படித்தான் கழுவுவீங்களா?" என்று கேட்டு அவரைத் திருப்பி அனுப்பினாள். ஊர் சிரித்தது. கை கழுவுற டாக்டரம்மா என்று பெயர் வைத்தது. பெயர் வைத்த ஊரே தோளையும் இடுப்பையும் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் உட்கார்ந்தது.

ஒருவர் படுத்த விரிப்பில் அடுத்தவர் படுக்க முடியாது. சென்னிமலையிலிருந்து கட்டுக் கட்டாக வாங்கி வைத்திருந்த விரிப்புகள் தினமும் கொதிநீரில் வெந்து, பின்கட்டுக் கொடியில் வெயில் காய்ந்தன. கரண்ட் ஒத்தடத்துக்கு வைக்கிற பஞ்சுத் துண்டுகள் ஆளுக்கு ஆள் மருந்துத் தண்ணீரில் ஊறின. கூடமாட உதவிக்கு இருந்த வரலட்சுமி, "இந்த ஊட்டுல நோயாளியக் காட்டியும் துணிக்குத்தான் வைத்தியம் சாஸ்தி" என்று முனகிக்கொண்டே துவைப்பாள்.

கொரோனாக் காலத்தில் எல்லாரும் செய்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ஜோஸ்லின் விடவில்லை. அது அவளுக்குத் தொழில் விதி மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் உட்காராமல் நகர்ந்து உட்கார்ந்த பிள்ளைகள் சொன்ன காரணம் சுத்தமில்லை என்பது. காலையில் குளித்து, துவைத்த சட்டை போட்டு, எண்ணெய் வைத்துச் சீவிப் போனவளைப் பார்த்துச் சொன்னார்கள். அப்படிப்பட்டவள் இன்றைக்கு ஊரையே வாசலில் நிறுத்தி, கையைக் கழுவு என்று சொல்லுகிற இடத்தில் நின்றாள். இனித்தது. யாருக்குத்தான் இனிக்காது?

கிளினிக்கின் மகாராணி மெழுகுத் தொட்டி. எவர்சில்வர் பெட்டிக்குள் எண்ணெய் கலந்த மெழுகு இளஞ்சூட்டில் உருகிக் கிடக்கும். விரல் மடங்காதவர்கள் அதில் கையை முக்கி முக்கி எடுத்தால், வெள்ளை உறை மாட்டின மாதிரி மெழுகு படியும். துண்டைச் சுற்றிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் வலி இளகும். எல்லார் கையும் ஒரே தொட்டிக்குள் போகிற சமாச்சாரம் என்பதால் அங்கேதான் அவள் கெடுபிடி அதிகம். சுவரில் பலகை மாட்டியிருந்தாள். கையில் புண், வெடிப்பு, தோல் நோய் உள்ளவர்கள் தொட்டியில் கை விடக் கூடாது. அவர்களுக்கு மெழுகு தனியாக மேலிருந்து ஊற்றப்படும் என்று எழுதியிருந்தது. படிப்பில் சொல்லிக் கொடுத்த முறைதான் அது.

கட்டடம் பூவாத்தாளுடையது. கீழே கிளினிக், மேலே அவள் வீடு. அறுபதைத் தாண்டிய அம்மாளுக்கு முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப் போயிருந்தன. தினமும் சாயங்காலம் உள்படி வழியாக இறங்கி வந்து முதல் ஆளாகத் தொட்டியில் கை விடுவாள். வரும்போது முருங்கைக்காயோ, மோரோ கொண்டு வருவாள். அவள் வாய்தான் கிளினிக்குக்கு விளம்பரம். கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே போனாலும் "எங்கூட்டுக் கீழ இருக்குது பாருங்க டாக்டரு, அப்படிச் சுத்தம்" என்று சொல்லிவிட்டு வருவாள். மறுநாள் அங்கே வந்திருந்த ஒறம்பரைச் சொந்தங்களில் பாதிப் பேர் வாஷ்பேசினில் நிற்பார்கள். அதே வாய் வேறு மாதிரி ஒரு சொல் சொன்னால் அத்தனை பேரும் வராமல் நின்றுவிடுவார்கள் என்பது ஜோஸ்லினுக்குத் தெரியும்.

ஒருநாள் பூவாத்தாள், "டாக்டரு, என்ற கையப் புடிக்கறப்ப உறை போட்டுக்கறீங்களா? தொத்து கித்துன்னு நீங்களே சொல்றீங்களே" என்றாள். புண்ணில்லாத கைக்கு உறை தேவையில்லை, கழுவினாலே போதும் என்று ஜோஸ்லின் விளக்கினாள். "இருந்தாலும் போட்டுக்கங்க, நல்லதுதானுங்க" என்றாள் அம்மாள். ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு விவரம் வந்துவிட்டதே என்று மகிழ்ந்து போய் அன்றிலிருந்து ஜோஸ்லின் உறை போட்டுக்கொண்டாள். பைத்தியக்காரி.

"அப்பா அம்மா எந்தூருங்க?" என்று பூவாத்தாள் கேட்டதற்கு, "அப்பா இல்லீங்க. அம்மா கோயமுத்தூர்ல, கணபதியில இருக்காங்க" என்றாள். பொய் இல்லை. இப்போது அங்கேதான் தாயும் மகளும் வாடகைக்கு இருந்தார்கள். அதற்கு முன்னால் காரமடைக்கு அப்பால் ஒரு கிராமத்துக் காலனியில் இருந்தார்கள் என்பதை அவள் சொல்லவில்லை. அந்தக் கிராமம்தான் பூவாத்தாளின் பிறந்த ஊர் என்பது, கிளினிக் திறந்து பெயர்ப்பலகை மாட்டின பிறகுதான் ஜோஸ்லினுக்கே தெரிந்தது.

வீட்டில் போய் அதைச் சொன்னபோது அவள் அம்மா கிருபாவதியின் முகம் மலர்ந்து போயிற்று. "பூவாத்தா அம்மணியா? ஐயோ, தங்கமான மனசு பாப்பா. அவிங்க பண்ணையத்துலதானே நானும் எங்கம்மாளும் கெடந்தோம். தண்ணி கேட்டா வேற யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அவிங்கதான் சொம்பக் கொண்டாந்து ஊத்துவாங்க. ஒசரப் புடிச்சு ஊத்துவாங்க, ஒரு சொட்டுச் சிந்தாது."

அந்தச் சொம்பு ஜோஸ்லினுக்கும் தெரியும். பூவாத்தாள் கல்யாணமாகி அன்னூர் போன பிறகும் அது அந்த வாசலிலேயே இருந்தது. அம்மா குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து முகவாய்க்குக் கீழே வைத்துக்கொள்வாள். மேலேயிருந்து தண்ணீர் விழும். குடித்தது போக மீதி முழங்கை வழியாக ஓடும். சின்னப்பெண்ணாக இருந்தபோது ஜோஸ்லின் ஒருநாள் தாகத்தில் சொம்பை எட்டித் தொடப் போனாள். அவள் கையில் ஓங்கி அடித்தது அந்த வீட்டுக்காரர்கள் இல்லை, அம்மாதான். அதை அவள் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

"நீ கிளினிக் பக்கம் வந்துறாதே" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். கிருபாவதி ஏன் என்று கேட்கவில்லை.

ஆனால் வியாதி கேட்டது. மஞ்சள் வெட்டி, களை பிடுங்கி, வெங்காயம் அறுத்த அந்த விரல்கள் இந்தப் பனிக்காலத்தில் அப்படியே வளைந்து நின்றுவிட்டன. பூவாத்தாளுக்கு வந்த அதே முடக்குவாதம். டம்ளர் பிடிக்க முடியவில்லை, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை. ராத்திரி வலியில் முனகுவது மகளுக்குக் கேட்கக் கூடாது என்று தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்தாள். அது மகளுக்குக் கேட்டது. ஊரெல்லாம் கைவலியைத் தீர்க்கிறவள் பெற்றவள் கையைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் சும்மா இருப்பாள்? மதியம் கிளினிக் அடைத்திருக்கிற நேரம், வரலட்சுமி சாப்பிடப் போயிருப்பாள், பூவாத்தாளும் தூங்குவாள் என்று கணக்குப் போட்டு, பஸ் ஏறி வரச் சொன்னாள்.

"யாராச்சும் கேட்டா பேஷண்ட்டுன்னு சொல்லு."

"நானும் பேஷண்ட்டுத்தானே பாப்பா" என்று சிரித்தாள் கிருபாவதி. அவளுக்கு மகளின் கிளினிக்கைப் பார்க்கப் போகிற சந்தோஷம். இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். செருப்பை வெளியிலேயே விட்டாள். வாசலில் மகளின் பெயர் எழுதின பலகையை, எழுத்துத் தெரியாவிட்டாலும், கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

ஜோஸ்லின் அம்மாவை மற்றவர்களைக் காட்டிலும் அதிக நேரம் கழுவ வைத்தாள். பிறகு கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழைய தழும்புகள் இருந்தன. காய்த்துப் போன தோல் இருந்தது. புண் இல்லை, வெடிப்பு இல்லை, நோயென்று சொல்ல ஒன்றும் இல்லை. அதைத் தன் கண்ணாலேயே பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் தொட்டியின் மூடியைத் திறந்தாள்.

"உள்ள உடலாமா பாப்பா? இதுலயேவா?"

"விடும்மா."

கிருபாவதி விரல் நுனியை மட்டும் வைத்துப் பார்த்து, அப்புறம் மணிக்கட்டு வரை முக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். "ஏசப்பா... வெண்ணையில கைய உட்டாப்பல இருக்குது" என்றாள். முகத்திலிருந்த சுருக்கமெல்லாம் இளகிற்று. ஜோஸ்லினுக்கு இதை முன்னாலேயே செய்திருக்கலாமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

உள்படிக் கதவு திறந்தது. பூவாத்தாள் நின்றாள்.

"பேச்சுச் சத்தங் கேட்டுது. சாத்தியிருக்கற நேரத்துல யாருன்னு பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் தொட்டியைப் பார்த்தாள். தொட்டிக்குள் இருந்த கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

கிருபாவதி எழுந்தேவிட்டாள். கையிலிருந்து மெழுகு தரையில் சொட்டிற்று. உடம்பு பழக்கத்தில் தானாகவே குனிந்தது. "அம்மணி, நல்லாருக்கீங்களா?"

"கிருபாதானே? எங்கண்ணன் தோட்டத்துக் கிருபா?"

"ஆமாங்க அம்மணி."

பூவாத்தாள் ஜோஸ்லின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரிஞ்சவிங்களா டாக்டரு?"

அம்மா என்று சொன்னால் போதும். ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டு வருவதைப் பார்த்துக்கொள்ளலாம். ஜோஸ்லினுக்கு வாய்வரை வந்தது. அதோடு சாயங்காலம் வாசலில் நிற்கிற கூட்டமும், வெறுமையாகக் கிடக்கப் போகிற கட்டில்களும் கண்முன்னால் வந்தன.

"இல்லீங்க. புது பேஷண்ட்டுங்க" என்றாள்.

கிருபாவதி ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. "ஆமாங்க அம்மணி. பஸ்ஸுல போனனுங்க. போர்டப் பாத்துப்போட்டு எறங்கிட்டனுங்க" என்று மகளின் பொய்க்கு ஒரு கை கொடுத்தாள். எழுத்துத் தெரியாதவள் போர்டைப் பார்த்தேன் என்கிறாளே என்று ஜோஸ்லின் பயந்தாள்.

பூவாத்தாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலில் துளிக் கோபமும் இல்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க டாக்டரு. நான் அதெல்லாம் பாக்கறவ இல்லீங்க. காலம் மாறிப்போச்சு. ஆனாக்க சுத்தம்னு ஒண்ணு இருக்குதுல்லங்க? நீங்களே பலகையில எழுதிப் போட்டிருக்கறீங்க. நாலு பேரு கைய உடற எடம். காட்டுல மேட்டுல கெடந்த கையி. அது எப்படியிருக்கும், என்னமோ."

ஜோஸ்லின் அலமாரியைத் திறந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். மாட்டிக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். சற்றுமுன் வெறுங்கையால் தடவிப் பார்த்த கைதான்.

"ஏனுங்கம்மா, கையெல்லாம் வெடிப்பா இருக்குதுங்களே. தோல்ல ஏதோ நோய் மாதிரித் தெரியுது. இதோட தொட்டியில உட்டுப்போட்டீங்களே? பலகையில எழுதியிருக்கறது தெரியலீங்களா?" என்றாள். சத்தமாகவே சொன்னாள். பெற்றவளை 'ங்க' போட்டு, வேற்றாளை அதட்டுகிற மாதிரி அதட்டினாள்.

கிருபாவதி தன் கையைக் குனிந்து பார்த்தாள். புண் எங்கே என்று உண்மையாகவே தேடினாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு எழுத்துத் தெரியாதுங்க, டாக்டரம்மா" என்றாள்.

"வெளிய நில்லுங்க."

அவள் கையில் ஒட்டின மெழுகோடு, பாதி இறக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போய் வெயிலில் நின்றாள்.

ஜோஸ்லின் தொட்டியின் குழாயைத் திறந்தாள். உருகின மெழுகு முழுவதையும் பக்கெட்டில் பிடித்தாள். சுரண்டினாள், சோப்புப் போட்டுத் தேய்த்தாள், ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். பார்க்கிறவர்களுக்குத் திருப்தியாகும்படி மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள். அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வந்த கோபம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்மேல் போயிருந்தால் நியாயம். அது போகவில்லை. நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, குனிந்து கும்பிட்டுக் காட்டிக்கொடுத்த அம்மாமேல் போயிற்று. இவள் கொஞ்சம் நிமிர்ந்து நின்றிருந்தால் என்ன? புது மெழுகை உடைத்துப் போட்டுத் தொட்டியைச் சூடேற்றினாள். கை நடுங்கவில்லை. அதுவே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

பூவாத்தாள் எல்லாவற்றையும் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைகாரிதான் கண்ணு நீ. உங்கம்மாளும் இப்படித்தான். எங்க வாசலக் கூட்டுனா ஒரு துரும்பு கெடக்காது."

ஜோஸ்லினின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"எதுக்குப் பதறறே? நீ இங்க வந்த வருசமே எங்கண்ணன் சொல்லிப்போட்டான், கிருபா புள்ளதான்னு. நான் ஒருத்தருகிட்டயும் வாயத் தொறக்கல. நல்லா வைத்தியம் பாக்கறே. சுத்தபத்தமா இருக்கறே. சொன்னதும் கையில உறை போட்டுக்கிட்டே. எனக்கென்ன வந்துது?" பூவாத்தாள் கோணின விரல்களை மடியில் வைத்து நீவிக்கொண்டாள். "நீ அம்மான்னு சொல்லுவியோன்னு ஒரு நிமிசம் பயந்தே போனேன். சொல்லியிருந்தா நானும் ஏதாச்சும் முடிவு பண்ண வேண்டி வந்திருக்கும். இல்லீன்னு சொன்னே பாரு, அதுதான் எனக்குப் புடிச்சுது. எடம் தெரிஞ்ச புள்ள."

ஜோஸ்லின் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு அவளிடம் இருந்த சொல் ஒன்றுதான். அதை ஏற்கெனவே இல்லை என்று சொல்லியாயிற்று.

"பாவம், வெயில்ல நிக்குது பாரு, உங்கம்மா. நோவுன்னு பஸ்ஸேறி வந்திருக்குது. வெறுங்கையோட அனுப்பப்படாது. பின்னால கூட்டிட்டுப் போயி, உன்ற பலகையில போட்டிருக்கற மாதிரியே ஊத்தி உடு. இந்தப் பக்கெட்டுல இருக்கறதையே ஊத்து. எப்படியும் கொட்டறதுதானே." எழுந்து உள்படியில் ஏறப் போனவள் திரும்பினாள். "எப்ப வேணும்னாலும் வரச் சொல்லு. பின்பக்கமா வரட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பின்கட்டுக்குப் பக்கத்துச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். ஜோஸ்லின் பக்கெட்டையும் ஒரு எவர்சில்வர் சொம்பையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கிருபாவதி பின்னால் வந்தாள். கொடியில் சென்னிமலை விரிப்புகள் பளீரென்று காய்ந்துகொண்டிருந்தன. கிருபாவதி அவற்றின்மேல் உரசாதபடி சேலையை ஒடுக்கிக்கொண்டு கடந்தாள்.

"துவைக்கற கல்லுமேல உக்காரும்மா."

"வேண்டாம் பாப்பா. இங்கயே குந்திக்கறேன். அவிங்க பாக்கறாங்க."

ஜோஸ்லின் நிமிர்ந்தாள். மாடிப் பால்கனியில் பூவாத்தாள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தாள்.

"அம்மா, உனக்குக் கையில ஒண்ணும் இல்ல" என்றாள் ஜோஸ்லின் மெதுவாக. மேலே கேட்டுவிடக் கூடாது என்று அத்தனை மெதுவாக.

"தெரியும் பாப்பா. உனக்குப் பொழப்பு கெட்டறக் கூடாது. ஊத்து."

"கைய நீட்டு. வெரலெல்லாம் விரிச்சு, பொறங்கை மேல வர்ற மாதிரி வெச்சுக்க."

கிருபாவதி தலையாட்டினாள். மகள் சொம்பைப் பக்கெட்டில் முக்கி எடுப்பதைப் பார்த்தாள். மேலே நிற்கிறவளை ஒருதரம் பார்த்தாள். சொம்பு தலைக்கு மேல் வந்ததும், மகள் சொன்னதெல்லாம் மறந்து போயிற்று. அந்தக் கைகள் தாமாகவே ஒன்று சேர்ந்தன. உள்ளங்கை இரண்டும் குழிந்து முகவாய்க்குக் கீழே போய் நின்றன. தலை அண்ணாந்தது. வாய் லேசாகத் திறந்தது.

ஜோஸ்லின் பார்த்தாள். அப்படி இல்லை, கையைத் திருப்பு என்று சொல்லியிருக்கலாம். குனிந்து அந்தக் கையைப் பிடித்து விரித்து விட்டிருக்கலாம். அதற்குத் தொட வேண்டும்.

ஊற்றினாள். இளஞ்சூட்டு மெழுகு குழிந்த கைக்குள் விழுந்து வெள்ளையாகத் தேங்கியது. கிருபாவதி அசையாமல் இருந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் ஒசத்திப் புடி கண்ணு" என்று மேலேயிருந்து பூவாத்தாள் அக்கறையாகச் சொன்னாள். "சொம்பு கையில பட்டறப் போவுது."

ஜோஸ்லின் உயர்த்திப் பிடித்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.